விலகினரா, விலக்கப்பட்டனரா?

பட்டம் பெறாது பல்கலைக் கழகத்தை விட்டு வெளியேறும் மாணவரைக் குறிக்க நம்மிடையே வழங்கும் சொற்கள் பல. 'இடைநின்றவர்' என்கிறோம், 'இடைவிலகியவர்' என்கிறோம், 'படிப்பைக் கைவிட்டவர்' என்றும் சொல்கிறோம். இச்சொற்கள் யாவற்றிலும் வினை மாணவருடையதே. நின்றவர் அவர், விலகியவர் அவர், கைவிட்டவரும் அவரே. சொல்லே இவ்வாறு தீர்ப்பு வழங்கிவிட்டபின் ஊரார் தீர்ப்பு வேறாக அமைவதெங்ஙனம்? "கிடைத்த பாக்கியத்தைப் பாழாக்கிவிட்டான்" என அயலவர் கூறுவர். "மக்கள் பணத்திற் படித்துவிட்டு நடுவில் விட்டுப் போனான்" எனச் சிலர் சினப்பர். ஆசிரியராகிய நாமும், "கெட்டிக்காரப் பிள்ளை; ஆனால் மனவுறுதி இல்லை" எனப் பெருமூச்செறிந்து அடுத்த விரிவுரைக்குச் சென்றுவிடுகிறோம்.

இத்தீர்ப்பு நியாயமானதா? ஒரு மாணவர் படிப்பை விட்டுச் செல்கையில் அதன் அறப்பொறுப்பு யாரைச் சார்கிறது? இவ்வினாவையே நாம் இங்கு ஆராய விழைகின்றோம்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையுடன் முதலில் எடுத்துரைத்தல் நேர்மையாகும். 1945ஆம் ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதற் பல்கலைக் கழகம் வரை கட்டணத்தை அகற்றிற்று. எனினும், க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக் கழகத் தகைமை பெறுவோரிற் பெரும்பான்மையோருக்கு அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் இன்றும் இடமில்லை. இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் ஒதுக்கப்படுவதால், ஒரு மாணவி பெறும் இடம் அதே மாவட்டத்தில் வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற இன்னொருத்திக்குக் கிட்டாது போன இடமாகும். ஆகவே, பெற்ற இடத்தை நிறைவு செய்யாது விடுபவர் பொதுமக்களுக்கும் கடன்பட்டவர். இடம் கிட்டாத சகமாணவருக்கும் கடன்பட்டவர் என்பது வாதம். இதனைப் பிற்போக்குவாதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இதனடியில் உண்மையொன்று உண்டு. பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோருக்குப் பொறுப்பு உண்டு என்பதே அவ்வுண்மை. அப்பொறுப்பைத் தனி மாணவர் தலையில் மட்டும் சுமத்துவதையே நாம் மறுக்கின்றோம்.

புயலிற் சிக்கிய மரக்கலத்தின் மீகாமன், உயிர்களைக் காக்கும் பொருட்டுச் சரக்கைக் கடலில் எறிகிறான். அச்செயல் அவன் விரும்பிச் செய்ததா, நிர்ப்பந்தத்தாற் செய்ததா? கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலில் எழுப்பிய வினா இது. எறிந்த கை அவனுடையதே; அவ்வளவில் அது அவன் செயல். ஆயினும் அமைதியான கடலிற் சரக்கை எறியும் மீகாமன் எவனுமில்லை. இத்தகைய செயல்கள் இரண்டும் கலந்தவை என்றார் அவர். படிப்பை விட்டுச் செல்லும் மாணவரின் செயலும் பெரும்பாலும் இவ்வகைத்தே. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. கடலிலே வீசும் புயல் இயற்கையானது. மாணவரைச் சூழும் புயல் மனிதர் ஆக்கியது. மனிதர் ஆக்கியதற்கு மனிதரே விடை சொல்லியாக வேண்டும்.

மலையகத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பல்கலைக் கழகம் செல்லும் மாணவியொருத்தியை எண்ணிப் பார்ப்போம். கட்டணம் இல்லை என்பது மெய். ஆனால் அறைவாடகை, பஸ் கட்டணம், மூன்று வேளை உணவு, நிழற்பிரதி ஆகியவை இலவசமல்ல. 2021ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டது. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் அவ்வேளையில் மாதமொன்றுக்கு 5,000 ரூபா அளவினதாயிருந்தது. அதாவது, அவள் தாயின் ஐந்து நாட்கூலி. அதைக்கொண்டு முப்பது நாள் வாழ வேண்டும். அடுத்த ஆண்டு, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. உதவுதொகை அவ்வேகத்தில் உயரவில்லை. இந்நிலையில் தந்தை நோயுற்றுத் தம்பியின் பாடசாலைப் படிப்பும் கேள்விக்குறியாகுமானால், அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கொழும்பிற் கடையொன்றிற்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ வேலைக்குச் செல்கிறாள். பதிவேட்டில் அவள் பெயருக்கெதிரே 'விலகினார்' எனக் குறிக்கப்படுகிறது. மரக்கலத்தின் மீகாமனைப் போலவே அவளும் உயிர்களைக் காக்கச் சரக்கை எறிந்தவள். இதை மனவுறுதியின்மை என்போமாயின், மனவுறுதி என்னும் சொல்லுக்கே பொருளில்லை.

'மக்கள் பணம்' என்ற வாதத்தையும் இங்கே திருப்பிப் பார்த்தல் வேண்டும். இலவசக் கல்வி தொடங்கிய காலத்தில் இந்நாட்டு வருவாயின் பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியைச் சார்ந்திருந்தது. கொழுந்து கொய்தவரின் உழைப்பே நாட்டின் பாடசாலைகளை நடத்திற்று. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்புக்கு வரத்தொடங்கின. ஒரு தலைமுறைக்கு மேலாகப் பிறர் கல்விக்குச் செலுத்தித் தம் பிள்ளைக்குப் பெறாதிருந்தவரின் பேர்த்தியை நோக்கி, 'நீ கடன்பட்டவள்' எனக் கூறுதல் எத்தகைய கணக்கு?

வறுமை ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. மொழியும் ஒரு காரணமாகும். உயர்தரம் வரை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழிற் கற்று உயர்ந்த புள்ளிகள் பெற்றவன், பல்கலைக் கழக விரிவுரை மண்டபத்தில் முதல்நாளே ஆங்கிலத்தை எதிர்கொள்கிறான். நேற்றுவரை வகுப்பில் முதல்வனாயிருந்தவன் இன்று வாய்திறக்க அஞ்சுகிறான். தனக்குத் தெரிந்ததையே தெரியாதவன் போல எழுதுகிறான். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த சகமாணவன் 'திறமைசாலி' எனப்படுகிறான். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவும் பசெரோனும் 1964இல் தம் நாட்டு மாணவரை ஆராய்ந்து எழுதுகையில், குடும்பவழி வந்த கலாசாரச் சொத்தைப் பிறவித் திறமையாகப் பல்கலைக் கழகம் மயங்குகின்றது என்று காட்டினர். எல்லோருக்கும் ஒரே விரிவுரை, ஒரே வினாத்தாள் என்பது சமத்துவம் போலத் தோன்றும். சமமற்ற நிலையில் வந்தோரைச் சமமாக நடத்துதல் சமமின்மையை நிலைநிறுத்துவதேயாகும். இரண்டாம் முறையும் பரீட்சையில் தவறிய மாணவன் தன்னையே நொந்துகொண்டு ஊர் திரும்புகிறான். தான் தோற்றது பாடத்திலா, மொழியிலா என்பதை அவன் அறியான். அதனை அவனுக்கு எடுத்துச் சொல்லுவாரும் இல்லை.

இதுவரை கூறியவற்றை இவ்வேட்டின் வாசகர் பலர் மறுக்கமாட்டார். குற்றவாளி சமுதாய அமைப்பு என்று கூறி முடித்துவிட்டால் நமக்கும் மனநிறைவே. ஆனால் மூன்றாவது காரணமொன்று உண்டு. அது நம்மவர் கைகளாலேயே நிகழ்வது. பகிடிவதையைக் குறிப்பிடுகிறோம்.

1998ஆம் ஆண்டு இதனைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. கால் நூற்றாண்டு கடந்தும் பகிடிவதை ஒழிந்தபாடில்லை. இதனை நியாயப்படுத்துவோர் கூறுவது யாது? "பணக்காரன், ஏழை, நகரத்தான், கிராமத்தான் என்ற பேதங்களை அழித்து எல்லோரையும் ஒன்றாக்குகிறோம்" என்கின்றனர். சமத்துவம், தோழமை என்னும் நம் சொற்களையே அவர்கள் கையாளுகின்றனர். முற்போக்கு எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் மாணவரும் இதற்குத் துணைபோனதுண்டு; கண்டும் காணாதிருந்த ஆசிரியரும் உண்டு. இவ்வதையின் பலன் யாருக்கு? வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் கல்லூரி உண்டு, வெளிநாடும் உண்டு. வேறு வழியற்ற ஏழைப்பிள்ளை ஒன்று சகித்துக் கிடக்கிறான். அல்லது யாரிடமும் சொல்லாது வீடு திரும்புகிறான். அவமதிப்பு எவரையும் சமமாக்கியதில்லை. ஆண்டான் அடிமை உறவைப் பயிற்றுவித்துவிட்டு அதற்குத் தோழமை எனப் பெயரிடுதல், நாம் எதிர்த்துப் போராடும் அமைப்பிற்கே செய்யும் ஊழியமாகும்.

அவ்வாறாயின் மாணவருக்குப் பொறுப்பே இல்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு. தமக்கு ஒவ்வாத துறையென உணர்ந்து, சிந்தித்து, வேறு வழியைத் தேர்பவரும் உளர். அவர் செயல் மெய்யாகவே அவருடையது. அதற்காக அவரைப் பழித்தலும் தவறு. 'பாவம், சூழ்நிலைக் கைதி' என இரங்குதலும் அவர் சுயாதீனத்தை அவமதிப்பதாகும். இருவகையினரையும் எவ்வாறு பிரித்தறிவது? இரண்டு வினாக்கள் போதும். விட்டுச் சென்றவருக்கு, தம்மையோ தம்மைச் சார்ந்தோரையோ பலிகொடாது தொடர்ந்து கற்க வழி இருந்ததா? மனம் மாறினால் மீண்டு வரக் கதவு திறந்திருந்ததா? இரண்டுக்கும் 'ஆம்' என விடை கிடைப்பின், அவர் விலகியவர். இல்லையேல், அவர் விலக்கப்பட்டவர். விலக்கியவருள் நாமும் இருக்கக்கூடும்.

'சமுதாயமே பொறுப்பு' என்னும் கூற்றிலும் ஓர் ஆபத்துண்டு. எல்லோரும் பொறுப்பெனில் எவரும் பொறுப்பல்லர் என்றாகிவிடும். சமுதாயம் என்பது எங்கோ தொலைவில் இருக்கும் பூதமன்று. உதவுதொகைப் பட்டியலை மேசைமேற் கிடக்கவிடும் அலுவலர், ஆங்கிலம் அறியாதவனை எள்ளி நகையாடும் விரிவுரையாளர், புதுமுக மாணவனை முழந்தாளிட வைக்கும் சிரேஷ்ட மாணவர், அதை அறிந்தும் மௌனம் சாதிக்கும் மாணவர் சங்கம் ஆகியோரே அச்சமுதாயம். கல்விக்கான நிதியை உயர்த்தவும் உதவுதொகையை வாழ்க்கைச் செலவுடன் இணைக்கவும் போராடுதல் நீண்டகாலப் பணி. அதனின்று நாம் பின்வாங்கலாகாது. ஆயின் அப்போராட்டம் வெல்லும் வரை காத்திராது இன்றே செய்யத்தக்கவையும் உள. முதலாண்டு மாணவருக்குத் தமிழிலேயே கலைச்சொற்களை விளக்க ஒரு மாலைவேளையை ஒதுக்கலாம். பகிடிவதைக்கு இலக்கானவரின் பக்கத்தில் வெளிப்படையாக நிற்கலாம்.

யாவற்றுக்கும் மேலாக, வரவு இடாப்பில் மூன்று வாரம் தொடர்ந்து விடுபட்ட பெயரொன்றைக் கண்டால், அதன்மேற் கோடிடுமுன் அம்மாணவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். 'ஏன் வரவில்லை?' என்று அதட்டி அன்று. 'வருவதற்கு என்ன தடை?' என்று கேட்டு.