எதிர்த்தரப்பில் நின்றவள்

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். மலாக்காவில் சட்டம் படித்தபோது, மாதிரி வழக்காடு மன்றப் போட்டியில் எனக்கு விழுந்தது தோட்ட நிர்வாகத்தின் தரப்பு: வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாதாடி ஜெயித்தேன். அம்மா கேட்டார்: “அப்ப நீ நம்மள வெளிய போகச் சொல்லியா பேசுன?”

பயிற்சிதாம்மா என்றேன். 1960இல் தொடங்கிய ஜெசப் போட்டியிலும் ஒவ்வோர் அணியும் இரு தரப்புக்கும் வாதுரை எழுத வேண்டும். எதிராளியின் வலுவான வாதம் தெரியாமல் நம் வீட்டைக் காக்க முடியாது.

ஆனாலும் அம்மாவின் கேள்வி தீரவில்லை. போட்டியில் இரு தரப்புக்கும் ஆள் உண்டு, சம நேரம் உண்டு. எங்கள் லயத்துக்கு நோட்டீஸ் வந்த நாளில் எங்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை. எந்தத் தரப்புக்கும் பேசப் பழகியவள், பேச ஆளில்லாத தரப்புக்குக் கடன்பட்டவள்.