கடைமடைக்கு அப்பால் சேரும் வினை

கண்ணுக்கெட்டாத இடத்தில், நினைத்தும் பாராத உயிர்களுக்கு, பலருடைய கைகள் சேர்ந்து விளைவிக்கும் கேடு யாருடைய வினையாகும் என்ற கேள்வி தமிழ்நாட்டுச் சமய மரபுகளுக்குப் புதியதன்று. வினையின் வேர் சேதனையில், அதாவது செய்வோனின் உள்நோக்கத்தில், இருக்கிறது என்று பௌத்தர் கொண்டனர். சமணரோ அந்நிலைப்பாட்டைக் கடுமையாக மறுத்து, சுரைக்காய் என்று எண்ணிக் குழந்தையைக் கொன்றவனுக்குப் பாவம் இல்லை என்று சொல்ல முடியுமா என்று தம் ஆகமங்களுள் ஒன்றான சூத்திரகிருதாங்கத்தில் வினவினர். இந்த வாதத்திற்கு நாகப்பட்டினம் தொலைவான ஊரன்று. முதலாம் இராசராசன் காலத்தில், 1006-ஐ ஒட்டி, ஸ்ரீவிசய மன்னரின் பெயரால் அங்கு எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாய் நிவந்தமாக விடப்பட்டதைச் செப்பேடுகள் சொல்கின்றன. உள்நோக்கமே வினை என்று கற்ற துறவியரின் உணவு காவிரிப் படுகையின் நெல்லிலிருந்தே வந்தது என்பது இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது.

ஏனெனில் அதே நெல்வயல்கள் இன்று அந்தப் பழைய கேள்வியை வேறொரு வடிவில் எழுப்புகின்றன. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரசன். 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து உள்ளது. நீர் தேங்கிய நெல்வயலில் இட்டதில் மூன்றில் ஒரு பங்கையோ சற்றுக் கூடுதலையோதான் பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வாயுவாகக் காற்றில் கலக்க, ஒரு பகுதி மண்ணில் தங்க, மற்றொரு பகுதி நீரோடு வெளியேறுகிறது. சம்பாப் பயிருக்கு மேலுரம் இடும் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களாகவும் இருப்பதால், உரம் இட்ட மறுநாளே பெருமழை பிடித்து, வயல்நீர் வரப்பைத் தாண்டி வடிகாலில் விழுந்து, வெட்டாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்ற வழிகளில் முகத்துவாரத்தை அடைவது அரிதான நிகழ்ச்சியன்று.

கடலை அடைந்த தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது பாசுபரசும், அங்கு மிதக்கும் நுண்பாசிகளுக்கு உரமாகின்றன. அளவுக்கு மீறிப் பெருகும் பாசி மடிந்து அடியில் படிய, அதை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள உயிர்வளியைத் தின்றுவிட, மீனும் நண்டும் மூச்சின்றி ஓடுகின்றன, அல்லது மடிகின்றன. ஊட்டமிகை என்று இதனைச் சொல்லலாம். உயிரை வளர்க்கும் பொருளே உயிரை அடைப்பது இதன் கொடுமை. நாகைக் கடற்பரப்பு அலையும் நீரோட்டமும் மிக்க திறந்த பரப்பாதலால், மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் ஆண்டுதோறும் தோன்றுவது போன்ற உயிர்வளியற்ற பெரும்பரப்பு இங்கு உண்டாகிவிட்டது என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அலட்சியம் கொள்ள இடமில்லை. 2019-இல் பாம்பன், மண்டபம் பகுதிகளில் மீனவர் பூங்கோரை என்று அழைக்கும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கு உரத்தை மட்டுமே காரணமாகக் காட்டுவதற்கில்லை என்றாலும், ஊட்டம் மிகுந்த நீர் அத்தகைய பெருக்கத்துக்கு இடம்கொடுக்கும். வங்கக்கடலின் நடு ஆழத்தில் உயிர்வளி ஏறத்தாழ அற்றுப்போகும் எல்லையில் நிற்கிறது என்பதும், ஊட்டம் மேலும் சேர்ந்தால் அந்த மெல்லிய எல்லை மீறப்படலாம் என்பதும் கடலியலாரின் கவலை. வயல்களின் வடிகால் நீர் கோரையாறு, பாமணியாறு முதலியவற்றின் வழியே வந்து சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காயல் போன்ற அடைபட்ட நீர்ப்பரப்புகளிலோ, திறந்த கடலுக்குள்ள பாதுகாப்பும் இல்லை.

இந்தக் கேட்டில் உள்நோக்கம் எங்கே இருக்கிறது? மேலுரம் தூவும் கையில் அது இல்லை. விளைச்சலைத் தவிர வேறொன்றும் அந்தக் கையின் நினைவில் இல்லை. அந்த விளைச்சலை வேண்டியதும் அரசே. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சை மாவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டு, உரத்துக்கு நன்கு ஈடுகொடுக்கும் ஆடுதுறை 27 போன்ற நெல்வகைகள் பரவியபோது, நாடு பசியின் விளிம்பில் நின்றது. அன்று யூரியா பரிந்துரைத்தவர்களைக் குற்றவாளிகளாக்குவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. பிழை பின்னர் நேர்ந்தது. 1992-இல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட, யூரியாவின் விலை மட்டும் தாழ்த்தி வைக்கப்பட்டது. 2010-இல் சத்தின் அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதற்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏற ஏற, 45 கிலோ யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்துவரும் நிலையில், கடன் வாங்கிப் பயிர் செய்யும் கடைமடை விவசாயி எதனை மிகுதியாக இடுவார் என்பதில் வியப்பு ஏதுமில்லை. அவரது விருப்பம் போலத் தோன்றுவது, விலை அவருக்காக முன்பே எடுத்துவைத்த முடிவு.

செய்பவன் கண்ணுக்குத் தெரியும்போது சட்டம் விரைந்து நடக்கிறது. நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகி, தீவனக் கழிவு கலந்த நீர் வாய்க்கால்களிலும் காயல்களிலும் விடப்பட்டு, நிலமும் குடிநீரும் உவராகியபோது, காந்தியவாதியான எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. 2005-இன் சட்டம் அத்தடையைப் பெரிதும் தளர்த்திவிட்டது என்பது வேதனைக்குரிய வேறு கதை. இறால் பண்ணைக்கு ஒரு குழாயும் ஓர் உரிமையாளரும் உண்டு. இலட்சக்கணக்கான வயல்களின் வடிகால் நீருக்கு அவ்விரண்டும் இல்லை. 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், எரிவாயு முதலிய வெளித்தொழில்களிலிருந்து படுகையைக் காக்கிறது, அது வரவேற்கத்தக்கதே. வயலுக்கு வரும் நஞ்சைக் கண்ட அச்சட்டம், வயலிலிருந்து கடலுக்குப் போவதைக் காணவில்லை.

சேதனை ஒன்றே அளவுகோல் என்றால் இங்கே குற்றம் செய்தவர் எவரும் இல்லை. விளைவு ஒன்றே அளவுகோல் என்றால் சோறு உண்பவர் அனைவரும், நாகையின் அக்கரைப்பேட்டை மீனவர் உட்பட, குற்றவாளிகள். இரண்டு முடிவுகளுமே அறத்தைச் செயலற்றதாக்குகின்றன. சமணத் தத்துவ நூலான தத்துவார்த்த சூத்திரம் காட்டும் ஒரு வழி இங்கு உதவுகிறது: பிரமாதத்தால், அதாவது கவனம் தவறிய நிலையால், உயிருக்கு நேரும் ஊறே இம்சை என்று அது வரையறுக்கிறது. கவனம் என்பது காணக்கூடியவரின் கடமை. வடிகாலுக்கு அப்பால் நடப்பதைக் கடைமடை விவசாயி காண வழியில்லை; அவருடைய வயலே மேற்கிலிருந்து வடியும் நீரைச் சுமக்கிறது. அரசுக்கோ அந்த மறைப்பு இல்லை. 2018 முதல் மானிய உரத்தின் ஒவ்வொரு மூட்டையும், வாங்குபவரின் அடையாளம் கருவியில் பதிவான பின்னரே விற்கப்படுகிறது. எந்த மாவட்டத்தில் எந்த மாதத்தில் எத்தனை மூட்டை என்று கணக்கு வைத்திருப்பவர், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல் இருப்பதைப் பிரமாதம் என்றே சொல்லவேண்டும்.

மனம் மாறினால்தான் கடல் மீளும் என்பதற்கும் சான்றில்லை. தன்யூபு ஆறு கலக்கும் கருங்கடலின் வடமேற்குப் பகுதி 1970-களிலும் 80-களிலும் மூச்சடைத்துக் கிடந்தது. சோவியத் அமைப்பு சிதைந்து, உரம் வாங்கப் பணமின்றிப் பண்ணைகள் தவித்த 1990-களில் அது தேறத் தொடங்கியது. யாரும் வருந்தவில்லை, விலை மாறியது, அவ்வளவே. ஆயினும் உழவரின் வறுமையைக் கடலுக்கு மருந்தாக்குவது கொடிது. இலங்கையில் 2021-இல் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடுத்ததையும், அதே ஆண்டு நவம்பரில் ஆணை திரும்பப் பெறப்பட்டதையும், நெல் விளைச்சல் சரிந்ததையும் இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். இலை வண்ண அட்டையைப் பார்த்துப் பயிருக்குத் தேவையானபோது மட்டும் பிரித்திடுவதும், நடவுக்கு முன் தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும் படுகை அறிந்த முறைகளே. அவற்றுக்கு விலையும் கொள்முதலும் துணைநிற்காமல் அறிவுரை மட்டும் நிற்கிறது.

நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்தவராகச் சேக்கிழார் போற்றும் அதிபத்த நாயனார், வலையில் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். ஒரே மீன் கிடைத்த பசி நாட்களிலும், பொன்மீன் சிக்கிய நாளிலும் அதை அவர் மாற்றவில்லை. கடலிடமிருந்து பெறுபவர் கடலுக்கும் ஒரு பங்கு உண்டென்று நினைந்த வழிபாடு அது. ஆவணி ஆயில்யத்தன்று நாகைக் கடலில் பொன்மீன் விடும் விழா இன்றும் நடைபெறுகிறது. மேட்டூரின் நீர் வந்து சேர்ந்த ஆண்டுகளில், மேற்கே சம்பாவுக்கு நாற்றங்கால் விடும் பருவமும் அதுவே. அங்கே உரக்கடைகளில் அப்பருவத்தின் முதல் மூட்டைகளுக்கு விரல்ரேகை பதிவாகிக்கொண்டிருக்கும்.