குதிரையும் குதிரைக்காரரும்

ஆடி மாதம் அந்தியூரில் கூடும் குதிரைச் சந்தையில், வாங்க வந்தவர் முதலில் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். 5 வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துவிடுமாதலால் வயது அங்கே தெரியும். பிறகு குளம்பைப் பார்ப்பார். கெட்டித் தரையில் ஓடவிட்டு நடையைக் கவனிப்பார். சுழி பார்ப்போரும் உண்டு. அது சகுனம், நமக்கு அதில் வேலையில்லை. விற்பவரையும் எடைபோடுவார். இவர் எதையாவது மறைக்கிறாரா?

இந்தச் சந்தேகம் குற்றமன்று. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஷரீஅத்திலேயே உண்டு. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிக்கொண்டாலும், ஷாஃபிஈ மத்ஹபில் அது பிராணியின் உள்ளே, அவருக்கே தெரியாதிருந்த குறைக்கு மட்டுமே செல்லும்.

ஆனால் உடையவரை எடைபோடும்போது வேறொன்றும் தெரியவரலாம். தம் குதிரையின் மதிப்பு அவருக்கே தெரியவில்லை. அல்லது அவசரத்தில் இருக்கிறார். அப்போது என்ன செய்வது?

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களின் ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ள உடையவரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது அதற்கு மேல் பெறுமே, 400-க்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். இப்படியே நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹத்துக்கு வாங்கினார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்ததே இதற்குக் காரணம். இமாம் தபரானீ பதிவு செய்து, இமாம் நவவீ எடுத்துக்காட்டும் செய்தி இது.

300-க்கே வாங்கியிருந்தாலும் அந்த வியாபாரம் செல்லுபடியாகும். ஏமாற்று இல்லாதபோது, விலை குறைந்தது என்பதற்காக மட்டும் அது முறியாது. அங்கேதான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம்.

பென்னலூர்ப் பக்கம் இந்தப் பிரச்சினை குதிரையில் வருவதில்லை, பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறது. ஒரகடத்தில் ஒப்பந்த வேலை முடிந்த வடநாட்டுப் பிள்ளை ஊருக்கு ரயில் ஏறுமுன் வண்டியை விற்க நிற்கிறான். இன்ஜின் சத்தத்தைக் கேளுங்கள், ஆர்.சி. புத்தகத்தைச் சரிபாருங்கள், அது உங்கள் உரிமை. ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கேற்ப விலையை இறக்குகிறார்களே, அதைத்தான் நாம் கேட்கிறோம். அவன் நம்மவனல்லவே என்பார்கள். நிறுவையில் குறைப்பதற்கு அப்படியொரு விதிவிலக்கு உண்டா?

வெளியில் இது இன்ன விலைக்குப் போகும் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அவ்வளவு கொடுக்க நம்மிடம் இல்லையென்றால் அதையும் சொல்லலாம். தெரிந்தே அவன் குறைத்துக் கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.