காவலில் கிடப்போரைக் காணுதல்



இரக்கத்தின் கிரியைகள் எவையென்று ஞானோபதேசத்தில் கேட்டால், நம் சிறுபிள்ளைகளும் தடையின்றி ஒப்புவிப்பார்கள். பசித்தவனுக்கு அன்னமிடுகிறோம், நோயாளியைப் பார்க்கப் போகிறோம். காவலில் கிடப்பவனைச் சந்திப்பது மாத்திரம் நாவோடு நின்றுவிடுகிறது. “செய்த வினை, அனுபவிக்கட்டும்” என்கிறோம்.

1801-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி, சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமிக்கு அப்போது வயது சுமார் 15. அடுத்த பிப்ரவரியில் அந்தப் பிள்ளையை, இன்னும் எழுபது பேர் வரையில் சேர்த்து, தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். தகப்பனுக்கு மகனாய்ப் பிறந்ததே அவன் செய்த பெருங்குற்றம்!

அவனை அறிந்திருந்த கும்பெனி அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் வெல்ஷ். ஈட்டியெறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்றவர். 1818-ல் அவர் பினாங்குக்குப் போனபோது, உடல் தளர்ந்த கிழவன் போன்ற ஒருவன் அவர் எதிரே வந்து நின்றான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். “துரைச்சாமி” என்று பதில் வந்தது. முப்பது வயதைச் சற்றே கடந்தவனை, பதினாறு வருஷத் தீவாந்தரம் அப்படி ஆக்கியிருந்தது. பெயரைக் கேட்டிராவிட்டால் அவன் யாரோ ஒரு கைதியாகவே கடந்து போயிருப்பான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1798-ம் வருஷக் கலகத்தில் சேர்ந்தாரென்று குற்றஞ்சாட்டி, ஜேம்ஸ் டிக்சன் என்ற ஐரிஷ் குருவானவரையும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். 1803 மே 15-ந் தேதி சிட்னியில், அரசாங்க அனுமதியோடு, கைதிகளுக்காக அவர் பூசை செய்தார். குருவும் கைதி, சபையும் கைதிகள்! ஆயினும் சேசுநாதர் அங்கே எழுந்தருளத் தயங்கவில்லை.

ஏன் தயங்குவார்? அவரே விலங்கிடப்பட்டவர், கள்ளர் நடுவில் மரித்தவர். நடுத்தீர்வை நாளில், “அவன் என்ன குற்றம் செய்தான்?” என்று நம்மைக் கேட்கமாட்டார். “நீ போய்ப் பார்த்தாயா?” என்றே கேட்பார்.

பிரியமானவர்களே, பினாங்கு தூரம். சிட்னி அதிலும் தூரம். கேப்பர் மலை தூரமா? 1918-ல் பாரதியாரை அடைத்து வைத்த கடலூர்ச் சிறை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே போக முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. நம் தெருவிலேயே, தகப்பன் சிறையிலிருப்பதால் யாரும் படியேறாத வீடு இருக்கலாம். அந்தப் பிள்ளைகளோடு விளையாட வேண்டாமென்று நம் பிள்ளைகளைத் தடுக்கிறோமா? அப்படியானால் தகப்பன் குற்றத்துக்காக நாமும் ஒரு துரைச்சாமியை நாடு கடத்துகிறோம்.

இந்த வாரம் அந்த வீட்டுப் படியேறுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். கேட்ட பெயரைச் சொல்லி இராச்செபத்தில் ஒரு பரலோக மந்திரம் வேண்டிக்கொள்ளுங்கள். ஆமென்.