காசு கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுமா?

வியாபாரியின் காதுக்கு இனிய சொல் ஒன்று உண்டென்றால் அது ‘பாக்கி இல்லை’ என்பதுதான். சரக்கைக் கொடுத்தோம், பணத்தைப் பெற்றோம், ஏட்டில் கோடு போட்டோம். அத்துடன் இரு தரப்புக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஒரு நாள்கூடக் கடை நடவாது. ஆயினும், வாழ்வில் சில இடங்களில் நாம் அந்தக் கோட்டை அவசரப்பட்டுப் போட்டுவிடுகிறோமோ என்னும் ஐயம் சில மாதங்களாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த ஐயம் எனக்குப் பிறந்த இடம் பள்ளிவாசலன்று, பிரசங்க மேடையுமன்று. மனைவி மக்களோடு பசியாறப் போன ஒரு சாப்பாட்டுக்கடையின் மேஜைதான் அது.

ஞாயிற்றுக்கிழமை இரவில் வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கடையில் சாப்பிடுவது இன்று நம்மில் பலருக்கும் வழக்கமாகிவிட்டது. பரோட்டாவும் முர்தபாவும் பிரியாணியும் மீ கோரிங்கும் ஒரே மேஜைக்கு வருகின்றன. ஆளுக்கொரு ருசி, ஆளுக்கொரு தட்டு. வாரம் முழுதும் கடையே கதியென்று கிடப்பவனுக்குப் பிள்ளைகளின் முகத்தை நிதானமாகப் பார்க்க அந்த ஒரு மணி நேரந்தான் வாய்க்கிறது. ஆகவே, வெளியில் சாப்பிடுவதே தவறு என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. அங்கே நம் பிள்ளைகள் சோற்றோடு சேர்த்து வேறு எதைக் கற்றுக்கொண்டு எழுகிறார்கள் என்பதே என் கேள்வி.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் கடை ஒன்று உண்டு. அன்று நல்ல கூட்டம். பணியாளர் வரச் சற்றுத் தாமதமாயிற்று. என் பத்து வயது மகன் விரலைச் சொடுக்கி, “ஏய், தண்ணி!” என்று அவரை அழைத்தான். அவரோ அவனைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் பதறிப்போய், “பெரியவர்களை அப்படிக் கூப்பிடலாமா?” என்று கடிந்தேன். பையன் அஞ்சவுமில்லை; எதிர்த்துப் பேசவுமில்லை. உண்மையாகவே விளங்காதவன்போல, “நீங்களும் அப்படித்தானே கூப்பிடுகிறீர்கள், அத்தா?” என்று கேட்டான்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதற்குள் அந்தப் பணியாளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே, யாரும் சொல்லாமலே, என் தாயாரின் முன்னால் ஒரு தே ஓ கோசோங்கையும் வைத்தார். தாயாருக்கு நீரிழிவு, சீனி ஆகாது. என்றோ ஒரு நாள் நாங்கள் சொன்னதை அவர் மூன்று ஆண்டுகளாக மறக்கவில்லை. அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாளாவது நான் அவருடைய பெயரைக் கேட்டதுமில்லை.

வீடு திரும்பும் வழியில் தாயார், “உன் அத்தாவும் பினாங்கில் எட்டு வருஷம் மேஜை துடைத்தவர்தான்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

இந்தச் செய்தியை என் நெடுநாளைய நண்பரான ஜவுளி வியாபாரி ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “நான் கைலி விற்கிறேன். வாங்குகிறவர் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் எனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று நான் காத்திருக்கிறேனா? பரோட்டாவுக்கு விலை உண்டு. கொண்டுவந்து வைப்பவருக்குச் சம்பளம் உண்டு. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார். இதில் மனச்சாட்சிக்கு என்ன வேலை?” என்றார்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இதில் ஓர் உண்மை இருக்கிறது. பிறர் வீட்டு விருந்துக்குப் போனால் விருந்தளித்தவருக்கு நாம் கடமைப்படுகிறோம். கடையில் அப்படியன்று. கையில் சில வெள்ளி இருந்தால் போதும். கூலியாளும் கோடீசுவரனும் அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து ஒரே கல்லில் வெந்த ரொட்டியைச் சாப்பிடலாம். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. விலை என்பது மனிதனுக்குக் கிடைத்த ஒருவகை விடுதலை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், அந்த விடுதலை இரு பக்கத்தாருக்கும் உரியதன்றோ? காசு கொடுத்ததனால் சாப்பிடுகிறவன் பரிமாறுகிறவனுக்கு அடிமையல்ல என்றால், சம்பளம் பெறுவதனால் பரிமாறுகிறவனும் சாப்பிடுகிறவனுக்கு அடிமையல்லன். நாம் கொடுத்த காசு ரொட்டியை வாங்கிற்று; ஆளை வாங்கவில்லை. சுத்தமான தட்டு, சரியான விலை, ஹலாலான உணவு, கேட்ட பொருள் ஆகியவை நாம் உரிமையோடு கேட்கத்தக்கவை. ஒருவரை ‘ஏய்’ என்று விளிக்கும் உரிமை அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒன்று. சுவரில் தொங்கும் விலைப் பட்டியலைப் பாருங்கள். தே ஓ கோசோங் இருக்கிறது. அதற்கு விலையும் இருக்கிறது. ஒரு மூதாட்டியின் நோயை மூன்று ஆண்டு நினைவில் வைத்திருப்பதற்கு விலை போட்டிருக்கிறதா? குழந்தை கொட்டிய மைலோவை முகஞ்சுளிக்காமல் துடைப்பதற்கு விலை உண்டா? நமக்கு முன்னால் வந்தவர்களைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், குடும்பமாக வந்திருக்கிறார்கள்” என்று இடம் பிடித்துக் கொடுப்பதற்கு? விலை போடாத சரக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, விலை போட்ட சரக்குக்கு மட்டும் பணம் செலுத்திவிட்டு, ‘பாக்கி இல்லை’ என்று எழுந்து போவது எந்த ஊர்க் கணக்கு?

பெரிய உணவகங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் போடுகிறார்களே, அதனால் அந்தப் பாக்கியும் அடைந்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். அந்தத் தொகை கொண்டுவந்து வைத்தவரின் கைக்கே போய்ச் சேரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. சேர்ந்தாலும், மரியாதைக் குறைவை விழுக்காடு போட்டு ஈடு செய்ய இயலாது.

நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு மேலும் கேட்டேன்: “பெருநாள் நெருங்கும்போது, பழைய வாடிக்கைக்காரருக்குப் பிடித்த நிறத்தில் வந்த ஒரு கைலியை யாருக்கும் விற்காமல் எடுத்து வைக்கிறீர்களே. அவர் வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் காசை மேஜையில் எறிந்துவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?” நண்பர் பதில் சொல்லவில்லை. காசை எறிந்துவிட்டுப் போகும் வாடிக்கைக்காரரை நம்மில் அறியாதவர் யார்?

இந்தக் கேள்வி மற்றெல்லாரையும்விட நம்மை நெருங்கி வந்து தொடுகிறது. இந்நாட்டுச் சாப்பாட்டுக்கடையின் சரித்திரத்தில் நாம் மேஜையின் மறுபக்கத்தில் இருந்தவர்கள். ‘நாசி கண்டார்’ என்னும் பெயரிலேயே அந்தச் சரித்திரம் இருக்கிறது. கண்டார் என்பது தோளில் சுமக்கும் கம்பு. ஒரு முனையில் சோறு, மறு முனையில் ஆணம் எனச் சுமந்துகொண்டு பினாங்குத் துறைமுகத்துத் தொழிலாளருக்குப் பசியாற்றியவர்கள் நம் முன்னோர். ‘மாமாக் கடை’ என்ற பெயரும் நம் ‘மாமா’ என்ற உறவுச் சொல்லிலிருந்தே பிறந்தது. பின்னாளில் அந்தச் சொல் சில வாய்களில் ஏளனமாக ஒலித்ததும் உண்டு. ஆனால் பிறப்பால் அது மரியாதைச் சொல். ரொட்டி வாங்க வந்தவர் ரொட்டி போட்டவரை ‘மாமா’ என்று அழைத்தார். அந்த மாமாவின் பேரன் இன்று இன்னொருவரை ‘ஏய்’ என்று அழைக்கிறான் என்றால், நாம் முன்னேறிவிட்டோமென்று எப்படிச் சொல்வது?

அக்காலத்தில் நம்மவருள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். கடை மாடியில் பாய் விரித்துப் படுத்து, மாதந்தோறும் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய் வந்தவர்கள். அவர்கள் சாப்பாட்டுக்கடைக்குப் போனது குடும்பம் பக்கத்தில் இல்லாததால். நாம் போவதோ குடும்பத்தோடு. இன்று அந்த மாடியில் வேறொருவர் படுத்திருக்கிறார். அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கலாம், வங்காளதேசத்திலிருந்தும் வந்திருக்கலாம். தம் பிள்ளையின் முகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்து நம் பிள்ளைக்குப் பரிமாறுகிறார். இதை அறிந்தும் அறியாதவர்போல் இருக்கலாமா?

2020ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. 2024இல் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நாசி லெமாக்கும் அடங்கிய மலேசியக் காலைப் பசியாறலும் அவ்வாறே இடம் பெற்றது. நாமும் பெருமைப்பட்டோம். உணவு உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதைக் கொண்டுவந்து வைக்கும் கை நம் மரியாதைப் பட்டியலில் ஏறிற்றா?

சிங்கப்பூரில் இன்னொரு மாறுதலும் வந்தது. சாப்பிட்ட தட்டையும் குப்பையையும் மேஜையிலேயே விட்டுச் செல்லக்கூடாது என்னும் விதி 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி 1 முதல் காப்பிக் கடைகளிலும் உணவுக் கூடங்களிலும் நடைமுறைக்கு வந்தது. முதல் முறை எச்சரிக்கை. மறுமுறை அபராதத்துக்கும் இடமுண்டு. அப்போது, “காசு கொடுத்துச் சாப்பிட்டும் தட்டை நாமே எடுக்க வேண்டுமா?” என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இன்று யோசித்துப் பார்க்கிறேன். எலும்பையும் கசங்கிய காகிதத்தையும் மேஜையெங்கும் இறைத்துவிட்டுப் போவதற்கும் சேர்த்தா நாம் காசு கொடுத்தோம்? சட்டத்துக்கு அஞ்சித் தட்டை எடுப்பது கட்டுப்பாடு. சட்டம் கேட்காத கடையிலும் எச்சிலை ஓரமாக ஒதுக்கி, தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு எழுவது குணம். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டியது இரண்டாவதை.

அப்படியானால் குறை கண்டாலும் வாய்மூடி இருக்க வேண்டுமா? இல்லை. ஆணத்தில் ஈ கிடந்தால் சொல்லத்தான் வேண்டும். கணக்கில் ஒரு வெள்ளி கூடினால் கேட்கத்தான் வேண்டும். கேளாமல் விடுவது அடுத்து வருபவருக்கும் தீங்கு. ஆனால், எழுந்து கல்லாவுக்குப் போய் முதலாளியிடம் தாழ்ந்த குரலில் சொல்வது ஒரு முறை. பத்துப் பேர் நடுவில் பணியாளரை நிறுத்தி வைத்துக் கத்துவது இன்னொரு முறை. இரண்டிலும் குறை தீரும். இரண்டாவதில் ஒரு மனிதரின் முகமும் சேர்ந்து போகும். இக்காலத்தில் இன்னும் கொடிய மூன்றாவது முறையும் வந்திருக்கிறது. கைத்தொலைபேசியில் அவரைப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்புகிறார்கள். நமக்கு அது அரை மணி நேரக் கோபம். அவருக்கோ அது வேலை. ஊரில் அவர் பணத்துக்காகக் காத்திருக்கும் ஒரு குடும்பம்.

சமைத்துக் கொண்டுவருபவர் அடுப்பின் வெக்கையைத் தாங்கியவராதலால், அவரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அங்கே சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள். அவர் ஏழை என்பதனால் அன்று. அந்த வெக்கையை நமக்காகத் தாங்கியவர் என்பதனால். விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தவர், கொதிக்கும் கல்லின் முன் நாள் முழுதும் நிற்பவர், இரு குவளைக்கிடையே தேநீரை ஆற்றி ஆற்றித் தோள் சலித்தவர் ஆகிய அனைவருக்கும் இது பொருந்தும். கடையில் நாம் அவரை உடன் அமர்த்த இயலாது. அவருக்கு வேலை கிடக்கிறது. கவளத்துக்கு ஈடாக ஒரு நல்ல சொல்லையாவது கொடுக்க இயலாதா?

மறுவாரமும் அதே கடைக்குப் போனோம். அவர் வந்தபோது நான் எழுந்து ஸலாம் கூறி, அவருடைய பெயரைக் கேட்டேன். அவர் முதலில் திகைத்தார். ஏதோ புகார் சொல்லப் பெயர் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். அந்தத் திகைப்பைக் கண்டபோது என் மகன் சொடுக்கிய விரலைவிட அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. பெயரைச் சொன்னார். என் மகன் சற்று நாணத்தோடு, “அண்ணே, தண்ணி கொடுங்கள்” என்றான். அவர் சிரித்துக்கொண்டே போனார். அன்றும் தாயாருக்குத் தே ஓ கோசோங் கேட்காமலே வந்தது.

வியாபாரச் சகோதரர்களே! நம் பிள்ளைகளுக்குக் கடையையும் முதலையும் விட்டுச் செல்லப் பாடுபடுகிறோம். கல்லாவில் அமரும் பையன் தன் கடைச் சிப்பந்தியை எப்படி நடத்தப் போகிறான் என்பதை அவன் எங்கே கற்கிறான்? பள்ளிக்கூடத்தில் மட்டுமன்று, ஞாயிற்றுக்கிழமை இரவில், பரோட்டாவுக்குக் காத்திருக்கும் மேஜையில், தகப்பன் யாரை எப்படி அழைக்கிறான் என்பதைப் பார்த்துக் கற்கிறான். அடுத்த முறை குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்கும்போது, ஏட்டில் கோடு போடுமுன் ஒரு கணம் நின்று பாருங்கள். விலை போட்ட பாக்கி தீர்ந்திருக்கும். விலை போடாத பாக்கி தீர்ந்ததா?