தக்காளிக் கறை

தக்காளிச் செடியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினால் விரல்களில் பச்சையாகப் பிசின் ஒட்டும். தண்டிலும் இலையிலும் இருக்கிற மெல்லிய சுணைகளில் இருந்து கசிவது. சற்று நேரத்தில் அது கறுத்துப்போகும். சோப்பைத் தேய்த்தால் நுரை மஞ்சளாகும், கறை போகாது. பள்ளித் தோட்டப் பயிற்றுநராகச் சேர்ந்த முதல் ஆண்டு, புரட்டாசியில் ஒரு நாள், பக்கக் கிளைகளைக் கிள்ளி, குச்சி நட்டுக் கட்டிய பிறகு குழாயடியில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "சோப்புக்கெல்லாம் போகாது டீச்சர். பச்சைக் காய் ஒண்ணப் பிச்சுத் தேயுங்க" என்றாள். தேய்த்தேன். புளிப்பு பட்டதும் கறை கரைந்து ஓடியது.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டேன். "எனக்கே தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, பாருங்க. யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற பையன் ஒருவன் சொன்னான்: "அவ லீவு போட்டுட்டு அவங்கம்மா கூடத் தக்காளி பறிக்கக் கூலிக்குப் போவா டீச்சர்." நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரத் தோட்ட வகுப்புக்கு அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியைத் தாண்டவில்லை. "மண்ணுல காயுறது எங்களோட போகட்டும்னுதான் டீச்சர் இவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். இங்கயும் மம்பட்டியக் குடுத்தீங்கன்னா, நானே காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே. கூலியாவது கெடைக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஏதோ சத்து, ஆரோக்கியம் என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர் இது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பேர்போனது. தக்காளி, கத்தரி, முருங்கை என்று லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகும். இங்கே பிறந்த பிள்ளைக்கு வெண்டை செடியில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு வயதுப் பையனுக்குப் பாத்தி கட்டத் தெரியும், தண்ணீர் பாய்கிறபோது மடை திருப்பத் தெரியும். நானோ பயிற்சியில், குழந்தைகளை மண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டு வந்தவள். சென்னையில் அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு அது பொருந்தும். மண்ணிலேயே நிற்கிற பிள்ளையை இன்னும் எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோவது?

அந்த அம்மாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அரைப் பொழுது வகுப்பு, மீதிப் பொழுதில் பிள்ளை வீட்டில் அப்பாவின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள், பெரியார் முன்னின்று எதிர்த்தார். மறு ஆண்டு ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த மண்ணில் பள்ளிக்கூடத்துக்குள் மம்பட்டியைக் கொண்டுவருகிற எவரும் அந்த நினைவுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு இழையும் இதே மாவட்டத்தில் ஓடுகிறது. 1937-இல் வார்தாவில் கூட்டிய மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகப் படிப்பதைத்தான் சொன்னது. 1947-இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியது அந்த வழியில்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒன்றில் அவரவர் பிள்ளை அவரவர் அப்பன் தொழிலுக்குத் திரும்பிப் போகிறது. மற்றதில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஒரே தறியில், ஒரே பாத்தியில் உட்கார வேண்டும். வித்தியாசம் மம்பட்டியில் இல்லை. அதை யார் கையில் கொடுக்கிறோம், யார் கையில் கொடுக்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

நான் படித்த பள்ளியிலும் செடிகள் இருந்தன. வீட்டுப்பாடம் எழுதாதவர்களும் தாமதமாக வந்தவர்களும்தான் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாதம் போகப் போக அது குறிப்பிட்ட ஐந்தாறு பேரின் வேலையாகிவிட்டது. அந்த ஐந்தாறு பேரும் எந்தத் தெருவில் இருந்து வந்தவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நன்றாகப் படிக்கிறவள் என்று என்னை ஒருநாளும் ஊற்றச் சொன்னதில்லை. அதைப் பெருமையாக வேறு வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வந்துபோன பிறகு தலைமை ஆசிரியரிடம் பேசினேன். அவர் நல்ல மனிதர், இழுத்தடிக்கவில்லை. திங்கள்கிழமை தோறும் சீட்டுக் குலுக்கினோம். சாணி அள்ளுதல், களை பறித்தல், தண்ணீர் பாய்ச்சுதல், பூச்சி பார்த்தல், நிறுத்தல், ஏட்டில் எழுதுதல். யாருக்கு எது விழுகிறதோ அந்த வாரம் அது. ஆசிரியர்கள் பெயரும் டப்பாவுக்குள் உண்டு. தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. எந்தப் பிள்ளையிடமும், இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று எல்லார் முன்னாலும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்காக நான் எழுதிக்கொண்டது.

இரண்டாவது வாரமே இன்னொரு வீட்டில் இருந்து ஆள் வந்தது. அன்றைக்குச் சிரிப்பைத் தொடங்கிவைத்த பையனுக்குச் சாணி விழுந்திருந்தது. அவர்கள் வீட்டுக்குக் கிணற்றுப் பாசனத்தில் தோட்டம் உண்டு, பறிப்புக்கு ஆள் வைத்துச் செய்கிறவர்கள். அவனுடைய அப்பத்தா வந்து, "எங்க பேரன் சாணி அள்ளவா டீச்சர் இங்க வர்றான்? எங்க தோட்டத்துலயே அவன் அள்ளுனதில்லையே" என்றார். வாசல்படியில் நின்ற அம்மாவும், நாற்காலியில் உட்கார்ந்து பேசிய இந்த அப்பத்தாவும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. மண்ணைத் தொட்ட கை எந்தத் தட்டில் நிற்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் அதில் இருந்து மகளை மேலே தூக்கப் பார்த்தார், மற்றவர் பேரன் கீழே இறங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அப்பத்தாவிடம் சீட்டு டப்பாவைக் காட்டினேன். தலைமை ஆசிரியருக்கு அந்த வாரம் களை விழுந்திருந்தது, அதையும் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் சிறுமியின் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் பறிப்பு முடிந்து வந்திருந்தார். சீட்டு முறையைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "யாரு யாருக்கு என்ன விழுந்துச்சு?" என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அந்தப் பையனின் பெயர் வந்ததும், "அந்த வீட்டுப் பையனா? அவனா சாணி அள்ளுறான்?" என்றார். ஆமாம் என்றேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து, "நாளைக்கு நீ போ" என்று மகளிடம் சொன்னார்.

அந்த ஆண்டில் பிள்ளைகள் அதிகம் கிறங்கிப்போனது சுரைக்கொடியிடம். முதலில் பூவாகப் பூத்துத் தள்ளியது, காய் நிற்கவில்லை. பூவுக்கு அடியில் விரல்கடை அளவு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பிஞ்சுகள் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துகொண்டே இருந்தன. மகரந்தம் போய்ச் சேராததால்தான் இப்படி ஆகிறது என்று விளக்கினேன். பூசணிப் பூ காலையில் விரியும், அதனால் பள்ளி நேரத்துக்குள் தேனீ வருவதைக் காட்டிவிடலாம். சுரைப் பூ அந்தி சாயும்போது வெள்ளை வெளேரென்று விரிந்து, மறுநாள் காலையில் வாடிவிடும். நாலு மணிக்குப் பெல் அடித்துவிடுகிற பள்ளிக்கூடத்துக்கு அது பிடிபடாது. வீட்டில் கேட்டுக்கொண்டு ஏழு பேர் இருட்டும் வரை இருந்தார்கள். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவின் சூல்முடியில் ஒற்றி எடுத்தோம். தொட்ட பூ எது என்று தெரிய, காம்பில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டினார்கள். நாலாம் நாள் பிஞ்சு தடித்துவிட்டது. அப்பத்தாவின் பேரன் சிவப்பு நூல் கட்டிய பிஞ்சுதான் முதலில் நின்றது. அதைப் பறிக்கும் வரை அவன் தினமும் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனான். வீட்டில் அத்தனை பரப்புக்கு விளைச்சல் வைத்திருந்தும், ஒரு காய் உண்டாவதை அவன் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு சென்ட் தோட்டம் எங்களுடையது. மதிய உணவு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய். எங்கள் பள்ளியில் 52 பேர், ஆக 2 கிலோ 600 கிராம் வேண்டும். ஆண்டு முழுக்கத் தோட்டம் கொடுத்தது கீரையும் சேர்த்து 70 கிலோ. வகுத்துப் பார்த்த பிள்ளைகள், "27 நாளுக்குத்தான் டீச்சர் வரும்" என்று முகம் வாடினார்கள். சத்துணவு அக்கா அவர்களைத் தேற்றினார், சாம்பாரில் விழுந்த அன்றைக்கெல்லாம் ஒரு தட்டில்கூடக் காய் மிஞ்சவில்லையாம். தோட்டம் பள்ளிக்குச் சோறு போடும் என்று சொல்லித் திரிகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு சென்டில் எவ்வளவு விளையும், ஒரு தட்டை நிறைக்க எவ்வளவு நிலம் வேண்டும் என்று தெரிந்துகொள்வதே பெரிய படிப்பு.

கணக்கு ஏடு ஒரு வாரம் அந்தச் சிறுமிக்கு விழுந்தது. வாசிப்பில் பின்தங்கியவள் என்று அவளுக்குப் பெயர். ஏட்டில் மட்டும் எழுத்து நிமிர்ந்து நின்றது. தேதி, காய், எடை என்று கோடு போட்டவள் நாலாவதாக ஒரு கட்டம் கட்டி, "எங்கே போச்சு" என்று தலைப்பு எழுதினாள். எல்லா வரியிலும் "சாம்பார்", "பொரியல்", "கூட்டு" என்று நிரப்பினாள். பிறகு என்னிடம் வந்து, "நாம விளைய வெச்சத நாம சாப்புட்டோம்னு எழுதிட்டேன். எங்கம்மா பறிக்கிறது எங்க டீச்சர் போகுது?" என்று கேட்டாள். சந்தை, கமிஷன் கடை, லாரி, கேரளம் என்று தெரிந்ததைச் சொன்னேன். "அங்க கிலோ என்ன வெல?" என்றாள். விலை நாளுக்கு நாள் மாறும் என்றேன். "அம்மா கூலி மாறாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்தப் பாடப்புத்தகமும் அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்காது. காட்டில் பறித்துக்கொண்டே இருந்திருந்தாலும், நின்று எழுதிக் கேட்க அவளுக்கு ஒரு கட்டம் கிடைத்திருக்காது. தோட்ட வகுப்பு வேண்டும் என்று யாரிடம் வாதாடினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாலாவது கட்டம்.

அவளுடைய அம்மா கேட்டதற்கு இன்றுவரை நான் முழுப் பதில் சொல்லவில்லை. பறிப்பு மும்முரமான மாதங்களில் சனி ஞாயிறு அவள் இன்னும் தக்காளிக்குப் போகிறாள். அதைத் தடுக்க என் தோட்டத்தால் முடியவில்லை. வகுப்பு நாட்களில் போவது நின்றிருக்கிறது, தலைமை ஆசிரியர் வீடு தேடிப் போய்ப் பேசியது அதற்குப் பெரிய காரணம்.

கார்த்திகையில் நட்ட தக்காளி தை கடைசியில் பறிப்புக்கு வந்தது. அன்று சீட்டில் யாருக்கு எது விழுந்திருந்தாலும் எல்லாரும் பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். முடிந்ததும் குழாயடியில் கூட்டம். ஒருவன் சோப்பைத் தேடினான். அவள் கூடையில் இருந்து பச்சைக் காய் இரண்டை எடுத்துப் பிய்த்து, வரிசையாக ஒவ்வொரு கையிலும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே வந்தாள். அப்பத்தாவின் பேரன் இரண்டு கையையும் நீட்டினான், அவனுக்கும் வைத்தாள். எனக்கும் ஒன்று. பிறகு தன் கையை நன்றாகக் கழுவி, பாவாடையில் துடைத்து, தராசுப் பக்கம் போய் ஏட்டைப் பிரித்தாள்.

"எவ்வளவு டீச்சர்?"

"நாலு கிலோ இருநூறு" என்றேன். எழுதினாள்.