குதிரைக்கு அளந்து போடுவதும் அமானத்தே!



அல்லாஹுத் தஆலா தன் திருமறையின் 100-வது அத்தியாயமாகிய 'அல் ஆதியாத்'தில், குளம்புகளால் தீப்பொறி பறக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியம் செய்கின்றான். அந்தக் குளம்பே நோவாகி, ஓரடி எடுத்து வைக்கவும் ஒரு குதிரை துடிக்குமானால், அதனை வளர்ப்பவரின் கடமை யாது? இது மார்க்கத்துக்குப் புறம்பான விஷயமென எண்ணிவிடாதீர்கள். கால்நடை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகும்.

குளம்பழற்சி எனும் இந்நோயை மருத்துவர்கள் 'லாமினைடிஸ்' என்பர். குளம்பின் ஓட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய அடுக்குகள் புண்பட்டுத் தளர்வதே இது. முற்றினால் எலும்பு கீழிறங்கிவிடும். காரணங்கள் பல உண்டு. தானியமும் இனிப்பு மிகுந்த பசும்புல்லும் அளவு மீறுவதும், குதிரை கொழுத்துவிடுவதும் அவற்றுள் முதன்மையானவை. கொழுத்த குதிரை இனிப்பைத் தின்றால் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, அதுவே குளம்பைத் தாக்குகிறது.

அக்காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கடல் வழியே பாண்டிய நாட்டில் வந்திறங்கின. அங்கு அவற்றுக்கு நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுக்கப்பட்டதையும், அவை நலிந்து போனதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். பகைவனுக்கு எவரும் நெய்யும் பாலும் ஊட்டுவதில்லை. அன்பும் அளவறியாவிடில் தீங்காகும் என்பதற்கு இதுவே சான்று.

நோய் தணிந்து குதிரை மெல்ல நடக்கத் தொடங்கும்போதுதான் நமக்குச் சோதனை. அது கனைக்கிறது, மனம் இளகுகிறது. "பாவம், உடம்பு தேற வேண்டாமா!" என்று ஒரு படி கொள்ளும் ஒரு துண்டு வெல்லமும் வைக்கிறோம். நோய் திரும்பிவிடுகிறது. வேறு சிலர் அஞ்சிப்போய்ப் பட்டினி போடுகின்றனர். அதுவும் ஆபத்தே. உடற்கொழுப்பு இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுக்கும். மட்டக்குதிரைகளுக்கு உயிரே போகலாம்.

ஒட்டிய வயிற்றோடு நின்ற ஒட்டகத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உண்பதில் வரம்பு மீறலாகாது என்பதும் திருமறையின் கட்டளை. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதே ரஹ்மத்.

செய்முறை இதுதான். தானியம், தவிடு, வெல்லம் அறவே வேண்டாம். உலர்ந்த புல்லே உணவு. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 4½ கிலோ புல்லைத் தராசில் நிறுத்துப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முன்னதாகப் புல்லைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்திறங்கும். அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். தாது உப்புகளும் உடன் கரைவதால், அவற்றை ஈடுசெய்ய மருத்துவரைக் கேட்டுத் தாதுக்கலவை சேர்க்க வேண்டும். அவர் சம்மதமின்றி மேய்ச்சலுக்கு அவிழ்க்கலாகாது. குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளரும். அது முழுதும் புதிதாக ஓராண்டு வரை ஆகலாம். அத்தனை நாளும் அது கனைக்கும்போதெல்லாம் நாம் ஸப்ர் செய்ய வேண்டும்.

வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டிய ரப்பு, அதில் வரம்பு மீற வேண்டாமென 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தில் எச்சரிக்கின்றான். கடைத்தெருவில் மட்டுமன்று, லாயத்திலும் அத்தராசு உண்டு. வாய் திறந்து சொல்ல இயலாத அந்த ஜீவனுக்காக நாளை நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள். அன்பை அளவோடு செலுத்தும் தௌஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.